எழுதிய இரவு தூக்கம் போய்விட்டது. தொடரலாமா?

பூவரசு:

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் கணவர் சாலை விபத்தில் இறந்து பத்தொன்பது மாதங்கள் ஆகின்றன. எனக்கு வயது 39. இரண்டு பெண் குழந்தைகள். ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு ஓர் ஆலோசகரைப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சே வருவதில்லை. "பேச வராவிட்டால் எழுதிப் பாருங்கள். நான்கு நாட்கள், தினமும் இருபது நிமிடம். யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார் அவர்.

திங்கள் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். உரக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் பேரேடு போல இருக்கிறது. இரவு 8.10க்கு அவர் பேசினார். 9.40க்கு வேறு எண்ணிலிருந்து அழைப்பு. 10.25க்கு மருத்துவமனை வாசல். ஆட்டோவுக்கு 350 ரூபாய். இப்படியே போகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆனால் படுத்த பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விடியும் வரை தூங்கவில்லை. மறுநாள் ஒரு லாரி லோடு கணக்கை இரண்டு முறை தவறாகப் போட்டேன்.

எழுதினால் பாரம் இறங்கும் என்கிறார்கள். எனக்கு ஏறியிருக்கிறது. இரண்டாம் நாள் டைரியைத் தொடவில்லை. தொடரலாமா, விட்டுவிடலாமா? மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அந்த டைரியை எங்கே ஒளித்து வைப்பது என்பது வேறு கவலை. இப்போதைக்கு அரிசிப் பானைக்கு அடியில் இருக்கிறது.

இரவுப்பணி:

அக்கா, நான் செவிலியர். முதலில் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் டைரியை மூடி வைத்துவிட்டு ஆளிடம் பேசுங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு 1926.

அப்படி எதுவும் இல்லை என்றால், டைரியைப் பற்றி நான் சொல்வது இதுதான். எழுதியதை வைத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எழுதி முடித்ததும் கிழித்துவிடலாம். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும்வரை கை உண்மையை எழுதாது. உங்கள் ஒன்றரைப் பக்கம் பேரேடு போல வந்ததற்கு அரிசிப் பானையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வகுப்பறை:

கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். உங்கள் திங்கள் இரவைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய சோதனைதான் நினைவுக்கு வந்தது. உங்கள் ஆலோசகர் சொன்ன முறையும் அதிலிருந்து வந்ததுதான்.

1986-இல் வெளியான ஆய்வு. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுத வைத்தார்கள். ஒரு குழுவுக்கு முக்கியமற்ற சாதாரண விஷயங்கள். இரண்டாம் குழு தங்கள் வாழ்வின் மிக மோசமான நிகழ்ச்சியை எழுத வேண்டும், ஆனால் நடந்ததை மட்டும். மூன்றாம் குழு அதைப் பற்றிய உணர்ச்சியை மட்டும். நான்காம் குழு இரண்டையும் சேர்த்து. அடுத்த ஆறு மாதங்களில் யார் யார் எத்தனை முறை பல்கலைக்கழக மருத்துவரிடம் போனார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள்தான் குறைவாகப் போயிருந்தார்கள். நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்குச் சொல்லும்படியான பயன் இல்லை.

நீங்கள் எழுதியது அந்த இரண்டாம் குழுவின் எழுத்து, அம்மா. நேரமும் தொகையும் இருக்கின்றன, நீங்கள் அதில் இல்லை.

தூக்கம் போனதற்கும் அதே ஆய்வில் பதில் உண்டு. மனந்திறந்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே இரத்த அழுத்தம் கூடியிருந்தது, மனம் சோர்ந்திருந்தது. பலன் தெரிந்தது பல வாரங்கள் கழித்துத்தான். எழுதிய இரவே பாரம் இறங்கிவிடும் என்று யார் சொன்னாலும் அது சரியல்ல. அதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் தாங்க முடியாத அளவுக்குப் போனால் நிறுத்திவிட வேண்டும் என்பதைப் பென்னிபேக்கரே வலியுறுத்துகிறார். ஒரு குறிப்பிட்ட விஷயத்தை எழுதினால் உடைந்துவிடுவோம் என்று தோன்றினால் அதை எழுத வேண்டாம், வேறொன்றை எழுதுங்கள். நான்கு நாட்கள் என்பது விரதம் அல்ல.

பூவரசு:

ஐயா, "நீங்கள் அதில் இல்லை" என்ற வரியைப் பலமுறை படித்தேன். உண்மைதான். 8.10க்கும் 9.40க்கும் நடுவில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

மணல்மேடு:

நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினான்கு வயது. அம்மாவும் தங்கையும் போய்விட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்.

அதன் பிறகு எங்களைத் தேடி நிறையப் பேர் வந்தார்கள். நல்ல மனத்தோடுதான் வந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் "என்ன நடந்தது, சொல்லு தம்பி" என்றார்கள். வரையச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் கறுப்பு அலை வரைந்தோம். சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. எங்கே நிறுத்தினால் எதிரில் இருப்பவர் கண் கலங்குவார் என்பதுகூடத் தெரியும். எனக்கு ஒன்றும் ஆகாது.

பதினொரு ஆண்டுகள் கழித்து வெளிநாட்டில் வேலை பார்த்தபோது, ஓர் இரவு யாரும் கேட்காமல் நானே எழுத ஆரம்பித்தேன். முதல் வரியை "ஆழிப்பேரலை தாக்கியபோது" என்று தொடங்கினேன். எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "கடல் உள்ளே வந்தபோது" என்றுதான் சொல்வோம். அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதினேன், பிழையோடு. அப்போதுதான் வந்தது.

சகோதரி, நீங்களும் வீட்டுப் பேச்சில் எழுதிப் பாருங்கள். ஆலைக் கணக்கு எழுதும் கையால் எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எத்தனையோ முறை வாயால் சொன்ன கதையில் நானும் அலையும் மட்டும்தான் இருந்தோம். மூன்றாவதோ நான்காவதோ முறை எழுதும்போது பக்கத்து வீட்டுப் பெரியப்பா கதைக்குள் வந்தார். என் தலைமுடியைப் பிடித்து மாடிக்கு இழுத்தவர் அவர். அதை நான் மறந்தே போயிருந்தேன். என்னை இழுத்த கையால் அவர் தன் பேரனையும் பிடிக்கப் பார்த்தார், பிடிக்க முடியவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். இருவரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மீன் குழம்பு சாப்பிட்டோம். அன்று முதல் ஒவ்வொரு விடுமுறைக்கும் போகிறேன்.

எங்கள் ஆத்தா பல நாட்கள் கரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். அதில் அம்மாவின் புடவை நிறம் வரும், புதிதாக வாங்கிய அலுமினியச் சட்டி வரும், தங்கை மணலில் விட்ட செருப்பு வரும். "துக்கம்" என்ற சொல்லே வராது. அவர் படிக்காதவர். நான் எழுதக் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

நேர்க்கோடு:

பூவரசு அவர்களே, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். இந்த இழையில் ஒரு மாற்றுக் கருத்தும் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

1986 ஆய்வு சிறியது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் வந்தன. 2006-இல் 146 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, பயன் உண்டு, ஆனால் சராசரியில் சிறியது என்றுதான் தெரிந்தது. சிலருக்குக் கெடுதலும் உண்டு. 2013-இல் அமெரிக்காவில் அண்மையில் மணமுறிவு கண்ட 90 பேரிடம் செய்த ஆய்வில், "ஏன் இப்படி நடந்தது" என்று ஏற்கெனவே மனத்துக்குள் அரைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உணர்ச்சிகளை எழுதியதால் மீட்சி தாமதப்பட்டது. அன்றாட வேலைகளை மட்டும் எழுதிய அதே வகையினர் நன்றாக இருந்தார்கள். ஆகவே எல்லோருக்கும் ஒரே மருந்தாக இதைக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது "வளர்ச்சி" என்ற பேச்சைக் கேட்டால்தான். துயரம் மனிதனைச் செதுக்குகிறது என்கிறார்கள். அதை அளக்க 21 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி மாறினேன் என்று நினைவிலிருந்து நாமே மதிப்பெண் போட வேண்டும். கல்லூரி மாணவர்களை ஒரு கொடிய நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்த 2009 ஆய்வு ஒன்றில், தாங்கள் வளர்ந்துவிட்டதாகச் சொன்னவர்களின் சொல்லுக்கும் உண்மையில் அளந்த மாற்றத்துக்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை.

என் அண்ணன் போய் ஆறு மாதத்தில், உடன் வேலை செய்பவர் ஒருவர் "இந்தத் துயரம் உன்னை நன்றாகப் பக்குவப்படுத்தியிருக்கிறது" என்றார். அன்று மாலை பேருந்தில் ஏறாமல் ஏழு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனேன். எனக்கு அந்தப் பக்குவம் வேண்டாம், அண்ணன் வேண்டும். இழந்தவர்களிடம் போய், இதிலிருந்து என்ன கற்றாய் என்று கேட்பது கொடுமை.

வன்னிக்காடு:

நேர்க்கோடு எழுதியதோடு நான் உடன்படுகிறேன். இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல இருக்கிறது.

2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களில் நாங்களும். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது தம்பி எங்களோடு இல்லை. அவ்வளவுதான் தெரியும். அவன் இறந்தான் என்று சொல்ல யாரும் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் யாரும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு தாய்மார் வீதியோரத்தில் போராட்டம் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் அம்மாவும் போய் இருக்கிறார்.

ஒரு பயிற்சிப் பட்டறையில் எங்களுக்கும் கொப்பியும் பேனாவும் தந்து எழுதச் சொன்னார்கள். "பேரனுபவத்துக்குப் பின்" என்று தலைப்பு. எங்களுக்கு எது பின்? நடந்து முடிந்ததைத்தானே கதையாக எழுதலாம். முடியாததை எப்படி எழுதுவது? முதல் வரியில் "அவன் இருந்தான்" என்று எழுதினால் நானே அவனைக் கொன்றது போல ஆகும். "இருக்கிறான்" என்று எழுதினால் பொய்யோ என்று பயம். ஒரு வினைச்சொல்லில் அகப்பட்டு, அந்த இரண்டு மணித்தியாலமும் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் எழுத்தை நான் விட்டுவிடவில்லை. அவனுக்குக் கடிதம் எழுதுகிறேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று. கறுத்தக்கொழும்பான் மாமரம் காய்த்தது, அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை, அரிசி விலை, யார் கலியாணம் கட்டினார்கள், எல்லாம் எழுதுகிறேன். கடிதத்தில் "நீ" என்று தொடங்கினால் இருந்தானா இருக்கிறானா என்ற கேள்வியே வராது. அது எனக்கு உதவுகிறது. வளர்ந்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கேட்கவும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதர்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்று தொடர்ந்து எழுதியவர். எனக்கு அது அனுபவத்தில் தெரியும். தனியே அறையில் இருந்து எழுதிய நாட்களைவிட, போராட்டக் கொட்டகையில் மற்ற அம்மாக்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு இருந்த நாட்கள் எனக்கு நல்லவை.

பூவரசு அக்கா, உங்களுக்கு எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு முடிவாவது தெரியும். அது எவ்வளவு கொடியது என்றாலும்.

வகுப்பறை:

வன்னிக்காடு அவர்களே, அந்த வினைச்சொல் பற்றி நீங்கள் எழுதியதை இனி ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன், அனுமதி கொடுத்தால். இப்படி முடிவு தெரியாத இழப்பை ஆய்வாளர்கள் தனி வகையாகவே பார்க்கிறார்கள். அப்படி இழந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே கொப்பியைக் கொடுத்தது தவறு.

நேர்க்கோடு அவர்களுக்கு: புள்ளிவிவரங்களில் எனக்கு மறுப்பு இல்லை. "வளர்ச்சி" பற்றி மட்டும் ஒன்று. 1990-களின் நடுவில் வட கரோலினாவில் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோது, துயரம் நல்லது செய்யும் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் காட்டிய உவமை பூகம்பம். வீடு இடிகிறது. பூகம்பம் எதையும் கட்டித் தருவதில்லை. இடிபாடுகளுக்கு நடுவில் மனிதர் திரும்பக் கட்டும் போராட்டத்தில் சிலருக்குச் சில மாற்றங்கள் வருகின்றன, எல்லோருக்கும் அல்ல. வந்தவர்களுக்கும் வலி போய்விடுவதில்லை, இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும். உங்கள் அலுவலக நண்பர் செய்தது அதை ஒரு பரிசு போல உங்கள் கையில் திணித்தது. அதை யாரும் யாரிடமும் செய்யக் கூடாது.

மணல்மேடு எழுதிய பெரியப்பாவிடம் வருகிறேன், இந்த இழையில் என்னை அசைத்தது அதுதான். பென்னிபேக்கர் பிற்காலத்தில் கணினியின் உதவியால் இந்த எழுத்துகளில் உள்ள சொற்களை எண்ணினார். நலம் பெற்றவர்களின் எழுத்தில் நாளாக ஆக "ஏனென்றால்", "அதனால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடிக்கொண்டே வந்தன. பிறகு இன்னொன்றும் தெரிந்தது. "நான்" என்றே எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நாள் "அவர்" என்று எழுதினார்கள், மறுநாள் திரும்ப "நான்" என்றார்கள். இப்படி மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு உடல்நலம் மேம்பட்டது. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே கதையை ஒரே மாதிரி எழுதியவர்களுக்கு அவ்வளவாக இல்லை. கொட்டித் தீர்ப்பதால் பயன் வருகிறது என்று நாம் நினைக்கிறோம். கதை அசைகிறதா என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பூவரசு, மறைத்த அந்த வரியைத் தனியாக எழுத அச்சமாக இருந்தால் ஆலோசகரின் அறையிலேயே எழுதலாம். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, ஐந்து அமர்வுகளில் எழுதும் சிகிச்சைமுறை ஒன்று இருக்கிறது. டெனிஸ் ஸ்லோனும் பிரையன் மார்க்ஸும் உருவாக்கியது. 2018-இல் வந்த ஆய்வில் அது பன்னிரண்டு அமர்வு கொண்ட பேச்சுச் சிகிச்சைக்குச் சளைக்கவில்லை. இடையில் விட்டுப் போனவர்களும் இதில் மிகக் குறைவு. உங்களைப் போலப் பேச வராதவர்களுக்கு ஏற்றது.

பூவரசு:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாட்கள் இங்கே வரவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆலோசகரிடம் கேட்டேன். அவருடைய அறையில் ஒரு மேசையைக் காட்டினார். அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார், நான் எழுதினேன். மணல்மேடு அண்ணன் சொன்னபடி வீட்டுப் பேச்சில் எழுதினேன்.

அந்த வரி இதுதான். 8.10க்கு அவர் பேசியபோது, கிளம்பிவிட்டேன், பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றார். சின்னவளுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். கடை மூடுவதற்குள் திரும்பிப் போய் வாங்கி வாருங்கள் என்று சொன்னேன். நாளைக்குக் காலையில் வாங்கலாமே என்றார். நான் குரலை உயர்த்தினேன். சரி என்று வண்டியைத் திருப்பினார்.

பத்தொன்பது மாதங்களாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதியபோது கை நடுங்கியது. அன்றும் தூக்கம் இல்லை. ஆனால் இது அந்தத் திங்கள் இரவு மாதிரி இல்லை, அழுதேன். இவ்வளவு நாளில் சத்தம் போட்டு அழுதது அன்றுதான். மாமியார் எழுந்து வந்தார். என்ன ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விடியும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

எழுதிய தாள்களை மறுநாள் ஆலைக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். அடுப்புக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் தாள்களை உமியோடு சேர்த்துத் தள்ளினேன்.

மூன்றாம் முறை எழுதும்போது ஒன்று கவனித்தேன். அந்த இரவில் நான் குரலை உயர்த்தியது மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தது. எழுதும்போது அவர் வந்தார். அவர் "சரி" என்று சொன்ன விதம் வந்தது. கோபமாகச் சொல்லவில்லை. சின்னவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "அழாதே, அப்பா வாங்கி வருகிறேன்" என்று அவளிடம் பேசினார். இதை நான் எப்படி மறந்தேன்? திரும்பிப் போனது நான் திட்டியதற்காக மட்டும் இல்லை. அவள் அழுததற்காகவும் போனார். போக வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

குற்ற உணர்ச்சி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வளர்ச்சியா என்று எனக்குத் தெரியாது. நேர்க்கோடு அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. அவருடைய பொருட்களைக் காவல் நிலையத்தில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பையை நான் இன்றுவரை திறக்கவில்லை. பரணில் இருக்கிறது. அவர் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்பது அதைத் திறந்தால் தெரியும். திறக்கலாமா?

நேர்க்கோடு:

கோபம் இல்லை அம்மா. நீங்கள் எழுதியதை என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். பை பற்றி எனக்குச் சொல்லத் தகுதி இல்லை. அண்ணனின் கைப்பேசி இன்னும் என் மேசை இழுப்பறையில் அணைத்தபடியேதான் இருக்கிறது.

வன்னிக்காடு:

அக்கா, எங்களுக்கு அப்படி ஒரு பை கிடைத்திருந்தால் அம்மா அன்றைக்கே திறந்திருப்பார். ஆனால் அது எங்கள் கதை. உங்கள் பை உங்களுடையது. பெட்டி அதில் இருந்தாலும் கஷ்டம், இல்லாவிட்டாலும் கஷ்டம். இரண்டையும் ஒரு தாளில் முதலில் எழுதிப் பாருங்கள். பிறகு திறக்கலாம்.

இரவுப்பணி:

தனியாக மட்டும் திறக்காதீர்கள் அக்கா. பகலில் திறங்கள். உடைகளில் கறை இருக்கலாம், அதை முதலில் வேறு ஒருவர் பார்த்து எடுத்து வைக்கட்டும். பிள்ளைகள் அந்த நேரத்தில் வேறு வீட்டில் இருக்கட்டும். அன்று காலை நன்றாகச் சாப்பிடுங்கள்.

பூவரசு:

வன்னிக்காடு சொன்னபடி இரண்டு பக்கம் எழுதினேன். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று. இருந்தால் அதைச் சின்னவளிடம் கொடுப்பேனா என்ற இடத்தில் நின்றுவிட்டது. அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது.

மாமியாரிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜியாமெட்ரி பாக்ஸ் பற்றியும்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் கடை மூடுகிற நேரத்துக்குத்தான் ஓடுவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வருகிறான். பிள்ளைகளைக் காலையிலேயே அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பரணுக்கு எட்டும் ஏணி எங்களிடம் இல்லை. ஆலையில் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை மாலை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.